வீடு திரும்பிய ரிக் லாரியும் எழுபதடிக் கிணறும்

பங்குனி இரண்டாம் வாரத்தில் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தேன். சுற்றுலா இல்லை, படிப்பு வேலை. சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை கடைசி ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். கோடைக்கு முன்னால் பத்துத் திறந்த கிணறுகளில் நீர்மட்டத்தை அளப்பது என் தலைப்பு. வகுப்புத் தோழி சத்யாவிடம் சொன்னபோது, எங்கள் ஊருக்கே வா, கிணற்றுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம் என்றாள். இதே மாதிரி களப்பணிக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். பஸ் விவரம் மட்டும் போதும் என்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடு சூரமங்கலம். அத்தாவுக்கு சேலம் கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, கூடை, மூடி போட்ட டப்பா என்று நான் வளர்ந்ததே அந்த வியாபாரத்தில்தான். முதலாம் ஆண்டில் நுண்பிளாஸ்டிக் பற்றிப் பாடம் நடந்த அன்று வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். அத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீஸ் கட்டுகிற நாளில் மட்டும் இதைப் பேசாதேம்மா என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது இன்னும் சரி.

காலை ஆறே முக்காலுக்கு ஜங்ஷன் பக்கத்தில் டவுன் பஸ் ஏறி புதிய பஸ் நிலையம், அங்கிருந்து ஈரோடு பஸ். மகுடஞ்சாவடி தாண்டும்போது எங்கிருந்தோ ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக ஏறியது. சேலத்துக்காரர்களுக்கு அது பழகிப்போன வாடை, மூக்கைப் பொத்தினால் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் சங்ககிரி. கோட்டை மலை தலைக்கு மேல் நிற்க, கீழே ஊர் முழுக்க லாரிகள், டயர் கடைகள், வெல்டிங் பட்டறைகள். அங்கிருந்து கிராமத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் பையிலிருந்து அளக்கும் டேப்பும் அதன் நுனியில் கட்டிய இரும்புக் குண்டும் எட்டிப் பார்த்தன. கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே, மீன் பிடிக்கவா என்று கேட்டார். கிணற்றை அளக்க என்றேன். அப்படியானால் நேரத்தோடு திரும்பி விடலாம், அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்றார்.

சத்யாவின் வீட்டு வாசலில் முதலில் தெரிந்தது வீடு இல்லை, ரிக் லாரி. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த ராட்சத வண்டியும், அதற்குத் துணையாக இரும்பு ராடுகள் சுமக்கும் இன்னொரு லாரியும் வேப்பமரத்தடியை அடைத்துக்கொண்டு நின்றன. இரண்டுமே சத்யாவின் அப்பாவுடையவை. இந்தப் பக்கத்து ரிக் லாரிகள் போகாத மாநிலம் கிடையாது. வருடத்தில் பெரும்பகுதி சத்தீஸ்கர் பக்கம் ஓடிவிட்டு, சர்வீசுக்காக ஊர் வந்திருந்தன. சத்யாவின் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தார். மூன்று கறவை மாடுகளும் பால் வரவு செலவும் அவர் பொறுப்பு. அப்பா லாரிக்கடியிலிருந்து கிரீஸ் கையோடு எழுந்து வந்து, வாங்க அம்மணி என்று கும்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

மதியத்துக்குள் ஒன்பது கிணறுகளை முடித்துவிட்டோம். கண்டக்டர் சொன்னது சரிதான். பலவற்றில் குண்டு போய் விழுந்த சத்தமே வறட்சியாகக் கேட்டது. அடியில் முட்செடியும் உடைந்த பிளாஸ்டிக் குடங்களும் கிடந்தன. அதில் ஒன்றிரண்டு எங்கள் கடைச் சரக்காகக்கூட இருக்கலாம், உற்றுப் பார்க்கவில்லை. பத்தாவது சத்யாவின் வீட்டுக் கிணறு. பாறையைச் சதுரமாக வெட்டிய எழுபதடிக் கிணறு, மேலிருந்து ஐம்பத்தோராவது அடியில் தண்ணீர். பச்சையாக, அசையாமல், நிஜமாகவே தண்ணீர். வீட்டுக்கும் மாடுகளுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அப்பா ஆசையாக வைத்த அறுபது தென்னைகளுக்கு அது போதாது. அவற்றின் மட்டைகள் ஏற்கெனவே சோர்ந்திருந்தன.

கிணற்றிலிருந்து திரும்பும்போதுதான் காட்டில், இந்தப் பக்கத்தில் மேட்டு நிலத்துக்கு அதுதான் பெயர், அங்கங்கே மூடி போட்ட போர்வெல் குழாய்கள் தலைநீட்டியிருப்பதைப் பார்த்தேன். எண்ணினால் ஏழு. சத்யா ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொன்னாள். இது கியர்பாக்ஸ் போர், அது புது கம்ப்ரசர் போர், அந்த ஓரத்தில் இருப்பது இன்ஜின் மாற்றிய போர். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வந்தது, அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சர்வீஸ் முடிந்த ரிக்கை ஓட்டம் பார்க்காமல் வெளிமாநிலம் அனுப்ப மாட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் யாருடைய நிலத்திலாவது வண்டி மக்கர் செய்தால் மானம் போய்விடும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் சொந்தக் காட்டிலேயே ஒரு போர் போட்டுப் பார்ப்பது. வண்டி சொந்தம், ஆட்கள் சொந்தம், டீசல் மட்டும்தான் செலவு. தண்ணீர் வந்தால் லாபம், வராவிட்டால் வண்டி ஓடுகிறது என்று தெரிந்த லாபம். ஏழிலும் தண்ணீர் இல்லை. நாடெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் வீட்டுக் காடு சல்லடையாகக் கிடந்தது.

எட்டாவது போருக்கு மறுநாளைக்கு நாள் குறித்திருந்தார்கள். இடம் கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளி. அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. பக்கத்துப் பாறையைக் குடைந்தால் கிணற்று ஊற்று அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பது அவர் பயம். பாடத்தில் நாங்கள் படிப்பதும் அதுதான். சத்யா பழைய போர் ஒன்றில் காற்றை விட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டாள். கம்ப்ரசர் ஓடுவது தெரியும், துளை போடுகிற ஹேமர் பாறையில் எப்படி அடிக்கிறது என்பது தெரியாதே என்றார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் தொல்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. எனக்கு மட்டும் நடுவில் முட்டை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அம்மா தீர்ப்பு மாதிரி சொன்னார்.

"ஏனுங்க, லாரி சும்மா நிக்குதுன்னு பூமிய ஓட்டை போடறீங்க, போட்டுக்கங்க. ஆனா கெணத்துல ஒரு அடி கொறஞ்சாலும் புது போருல மோட்டாரு எறக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

"செரி. யாரு அளக்கறது? நீ அளந்தா கொறஞ்சுதும்பே, நா அளந்தா இல்லீம்பேன்."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அம்மணிதான் டேப்பு கொண்டாந்திருக்குதே என்றார் அப்பா. பாதி கடித்த முட்டையைத் தட்டில் வைத்தேன். எவ்வளவு அளக்க வேண்டுமானாலும் அளக்கலாம், ஆனால் சோறு போட்ட வீட்டுக்குத் தீர்ப்பெழுதுகிற அளவை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். மாலையில் எல்லார் முன்னிலையிலும் ஒரு தடவை அளந்து, ஐம்பத்தோரடி என்று உறுதி செய்தோம்.

மறுநாள் காலை தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வேலையை ஆரம்பித்தார்கள். ரிக் ஓடுகிற சத்தம் காதில் கேட்பதில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. வெள்ளைப் பாறைத்தூள் புகையாக எழுந்து தென்னை, மாடு, நான் எல்லாரையும் ஒரே நிறமாக்கியது. ராடு மேல் ராடாக இறங்கியது. மதியம் போய், வெயில் சாய்ந்து, எல்லாருக்கும் நம்பிக்கை தளர்ந்த நேரத்தில் தூள் ஈரமாகியது. அறுநூறு அடி தாண்டியதும் குழியிலிருந்து தண்ணீர் லாரி உயரத்துக்குப் பீறிட்டது.

அடுத்து நடந்ததை ஆய்வறிக்கையில் எழுத முடியாது, இங்கே எழுதலாம். நான் ஓடிப்போய் நனைந்தேன். சத்யாவும் நனைந்தாள். இத்தனைக்கும் எதிர்த்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் வரை ஓடும் சேற்றுத் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா யாருக்கும் முகம் காட்டாமல் தென்னைகள் பக்கம் திரும்பி நின்றார். நிலத்தடி நீர் சுரண்டல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களில் ஓரிடத்தில்கூட, தண்ணீர் வருகிறபோது மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் எழுதவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும் என்று இப்போது தோன்றுகிறது. இருட்டும்வரை காற்றடித்துக் குழியைச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் காட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன். மூவரும் எனக்கு முன்னால் அங்கே இருந்தார்கள். குண்டை இறக்கினேன். ஐம்பத்தொன்றில் தண்ணீர் தட்டவில்லை. ஐம்பத்திரண்டிலும் இல்லை. மேலே இழுத்து, டேப்பைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன்.

"எவ்வளவு சாமி?" என்றார் அம்மா.

"அம்பத்து மூணரைங்க."

அப்பா டேப்பை வாங்கித் தானே ஒரு முறை இறக்கினார். பாறைச் சுவரில் முந்தின நாள் தண்ணீர் நின்ற ஈரக்கோடு இப்போதைய தண்ணீருக்கு மேலே தனியாகத் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கொறஞ்சுதான் போச்சு என்றார். அம்மா வென்ற மாதிரி நடந்துகொள்ளவில்லை. முந்தின நாள் அந்தச் சேற்றில் அதிகம் சிரித்தவரே அவர்தான். இட்லி ஆறுகிறது, வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். நான் பொய் சொல்லியிருந்தால் இந்த வீடு இன்று முழுக்கக் கொண்டாடியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன்.

இட்லி முடிந்ததும் அப்பா லாரியிலிருந்து ஒரு தடித்த இரும்புத் தகடும் வெல்டிங் செட்டும் எடுத்து வந்தார். சாதாரண மூடி போட்டால் திருகித் திறந்துவிடலாம், தன்னை நம்ப முடியாது என்றார். தண்ணீர் வந்த போரைப் பற்றவைத்து மூடுகிற ரிக்காரரை அவருடைய ஆட்களே பார்த்ததில்லை போலிருக்கிறது. ரிக்கோடு வந்திருந்த சத்தீஸ்கர் வேலையாள் ஒருவர் இந்தியில் என்னமோ கேட்டார், அப்பா வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தீப்பொறி அடங்கியதும் அம்மா மோர் கொண்டு வந்தார்.

"இது எத்தன நாளைக்கு நிக்குமுங்க?"

"வெல்டிங்கு நூறு வருசத்துக்கு வரும். நாந்தான் சித்திரை வெயில் வரைக்கும் தாங்குவனான்னு தெரியல."

இருவரும் சிரித்தார்கள். அவர்களைப் போல இருவர் சேர்ந்து சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மதியம் ரிக் லாரி வடக்கே கிளம்பியது, நான் கிழக்கே கிளம்பினேன்.

இனி போகப் போகிறவர்களுக்கு. சேலத்திலிருந்து சங்ககிரிக்கு ஈரோடு பஸ்கள் அடிக்கடி உண்டு, நான் போனபோது நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது. கிராமத்துக்குள் போகும் டவுன் பஸ் அவ்வளவு அடிக்கடி வராது, நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் கிணற்றடியில் நிற்க முடியாது. டேப் நூறடி நீளமாவது இருக்கட்டும், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் நிறைய, தனியாகப் போகாதீர்கள். வீட்டில் கொடுக்கும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் பாட்டிலைத் திறக்காதீர்கள், மனம் நொந்துபோவார்கள். முக்கியமாக, ரிக் லாரி நிற்கிற வீட்டில் தங்கினால் டேப்பைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். இல்லையென்றால் நீதிபதி வேலை வந்து சேரும்.

வாய்மொழித் தேர்வில் நிலைத்த பயன்பாடு என்றால் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன், மதிப்பெண்ணும் வந்தது. சொல்லும்போது மனதில் ஓடியது வேறு. சங்ககிரியில் தெருவுக்கு இரண்டு பட்டறை. ஒரு கட்டர் கொண்டுவந்து அந்தத் தகட்டை அறுக்க ஐந்து நிமிடம் ஆகாது. அறுக்காமல் இருக்கிற வேலை மட்டும் தினமும் காலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்கு என் பாடத்தில் அலகு கிடையாது.

கிணறு ஒரு வாரத்தில் ஒரு அடி ஏறியது, மீதி ஏறவில்லை. சித்திரை போன வாரம் முடிந்தது. நேற்று சத்யா ஒரு படம் அனுப்பினாள். தகடு அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு தென்னைகளின் மட்டைகள் மொத்தமாகத் தொங்கிவிட்டன. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அப்பா ஊர்ல இருக்கற நாளெல்லாம் சாயங்காலம் இங்க வந்து நின்னுட்டுப் போறாரு. தென்னைய பாக்கறாருன்னு அம்மா சொல்லுது. மூடியத்தான் பாக்கறாருன்னு நான் சொல்றேன்."