நான் திரும்பப் பெற்ற சாட்சி

கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியில்லை. பென்டில் ஹில் நிலையத்தில் ரயில் ஏறும்போது பையின் வார் உரசியதால்தான் கவனித்தேன்.

பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். நிணநீர்க் கணுவில் (கிருமிகளைத் தடுக்கும் சிறு முடிச்சு) காசநோய். என் வகை மற்றவர்களுக்குத் தொற்றாது. தினமும் மாத்திரை, ஆறு மாதம்.

இதை வாசிக்கும் உங்கள் கையிலும் அதே மாத்திரைப் பெட்டி இருக்கலாம். அதனால் என் முட்டாள்தனத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் சபை வாடகை மண்டபத்தில் கூடும். ஆராதனை முடிந்ததும் சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். கார் நிறுத்த இடம் கிடைத்ததற்குக்கூட ஒருவர் அழுதிருக்கிறார். சொல்ல எதுவும் இல்லாதவர்களைக் குளிக்காமல் வந்தவர்களைப் போலப் பார்ப்பார்கள்.

மூன்றாம் மாதம், ஜெபத்தின்போது கழுத்தில் சூடு பரவியது. வீட்டில் தடவிப் பார்த்தேன். கட்டி இல்லை. இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினால் கட்டி சுருங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளி முடித்த முதல் ஆள் நான். உயிர்வேதியியலில் பட்டமும் வாங்கியவள். ஆனாலும் அடுத்த ஞாயிறு எழுந்து, "ஆண்டவர் சுகமாக்கிப் போட்டார். இனிக் குளிசை (மாத்திரை) வேண்டாம்" என்றேன். கைதட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் விசுவாசம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏழு வாரத்தில் கட்டி திரும்பியது, மாலைக் காய்ச்சலோடு. மாத்திரையை நிறுத்தியபோது எவ்வளவு நன்றாக இருந்தது என்று மருத்துவரிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"எப்படி உணர்ந்தாய் என்று கேட்கவில்லை. எத்தனை நாள் விட்டாய்?"

கிருமி இன்னும் மருந்தை எதிர்க்கப் பழகவில்லை என்று சோதனை சொன்னது. மறுபடி முதலிலிருந்து. இம்முறை தினமும் காலை, மருத்துவமனைத் தாதி கைபேசித் திரையில் பார்த்திருக்க விழுங்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சபையிலிருந்து இரண்டு அன்ரிமார் (ஆன்ட்டிகள்) வந்தார்கள்.

"நீ சந்தேகப்பட்டிருப்பாய் பிள்ளை. அதுதான் திரும்ப வந்திட்டுது" என்றார் மூத்தவர்.

"அன்ரி, முழங்கால் ஒப்பரேசனுக்கு முன்னம் நீங்களும் சந்தேகப்பட்டனீங்களோ?"

தேநீரை முடிக்காமலே எழுந்தார்கள்.

கோப்பைகளை எடுத்துப்போன, என்னோடு வசிக்கும் அம்மாவுக்குத் தலைசுற்றியது. குசினிக் கதிரையை (சமையலறை நாற்காலி) பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). விரலில் குத்திப் பார்த்தேன். அளவு மிகவும் ஏறியிருந்தது.

"குளிசை போட்டனீங்களோ அம்மா?"

"நிப்பாட்டிப் போட்டன்."

"எப்ப?"

"நீ சாட்சி சொன்ன அண்டைக்கு. படிச்ச பிள்ளை நீயே சொல்லுறாய், பிறகு எனக்கென்ன?"

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் எழுத வரும். பாஸ்டர் சொல்லியிருந்தால் மாத்திரையை விட்டிருக்க மாட்டார். என்னை நம்பினார். சபையின்மேல் நான் சேர்த்துவைத்திருந்த இளக்காரம் முழுவதும் அந்தக் கதிரையருகே என்மேல் திரும்பியது.

"நான் சொன்னது பிழை. இப்ப போடுங்கோ."

"அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னதை எனக்கு மட்டும் குசினிக்குள்ள மாத்திச் சொல்லுறியோ? நாளைக்கு அங்கை போய்ச் சொல்லு. பிறகு போடுறன்."

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தேன்.

"நான் சொன்ன சாட்சியைத் திருப்பி எடுக்கிறன். எனக்குச் சுகம் வரேல்லை. நல்லா இருந்தது, அவ்வளவுதான். ஒருத்தரும் குளிசையை நிப்பாட்டாதேங்கோ."

பாஸ்டர் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. "அப்ப ஆண்டவரை நீங்கள் அனுபவிக்கேல்லையோ தங்கச்சி?"

"இல்லை பாஸ்டர். இப்ப ஒண்டுமே உணருறதில்லை. உணராமலே நம்புறன்."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் அம்மா கைப்பையைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் குளிசையை விழுங்கினார்.

ஆறு மாதமும் முடிந்துவிட்டது. எந்த நாளில் சுகமானாய் என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு நாள் இல்லை. ஒன்றுபோலவே இருந்த பல காலைகள்தான் இருந்தன. என் உடம்பு சொல்வதை இப்போது பக்கத்து வீட்டு வதந்தியைப்போலக் கேட்டுக்கொள்கிறேன். ஜெபத்தில் கழுத்து குளிர்ந்தே கிடக்கிறது. ஆனாலும் முழங்காலிடுகிறேன். நான் உணரும் அளவுக்குத்தான் கடவுள் இருப்பார் என்றால், அவ்வளவு சிறிய கடவுள் எனக்கு வேண்டாம்.