சீமெந்து பூசாத யன்னல்

மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்பி, அறைக்கு ஏசி போடச் சொன்னான். எனக்குப் பிரஷர். புத்தளத்து வெயிலில் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு, குளிர்ச்சியான இடத்தில் இருக்கும்படி டொக்டரும் சொல்லிவிட்டார். ஏசி வந்தது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அறை மட்டும் குளிரவில்லை. நான் ஒரு இடத்தில் இருக்கிற ஆள் இல்லை. அந்தக் கிழமை முழுக்கக் கட்டிலுக்கும் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தே செத்தேன். சோளகக் காற்று வேறு யன்னலைப் பிடித்து உலுப்பிக்கொண்டே இருந்தது.

ஏசி பொருத்திய பாஸ் பாலாவியிலிருந்து திரும்ப வந்தார். மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு ஊதுபத்தி கேட்டார். பேய் ஓட்டவா என்று கேட்டேன். மனுசன் சிரிக்கவில்லை. அதைக் கொளுத்தி, கதவு நிலையையும் யன்னல் சட்டத்தையும் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனார். நேராக எழும்பிய புகை, சட்டத்துக்குப் பக்கத்தில் போனதும் வளைந்து அவர் முகத்திலேயே அடித்தது.

“ராத்தா, இது அறையில்ல. நீங்க புத்தளம் முழுக்கக் குளிராக்கப் பாக்கிறீங்க,” என்றார். சட்டத்தைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி. சீமெந்தால் அடைத்தால் போதும், கரண்ட் பில்லும் இறங்கும் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த இடைவெளி ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியாது. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி நாங்கள் மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டபோது, என் வீட்டுக்காரர் அங்கே கட்டிய புது வீட்டின் கதவுகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவர். இங்கே காணி வாங்கி வீடு கட்டியபோது மேசனைச் சுவருக்கு மட்டும்தான் விட்டார். நிலைக்கும் சட்டத்துக்கும் ஒரு கரண்டி சீமெந்து வைக்க விடவில்லை. எல்லாவற்றையும் மர ஆப்புகளால் இறுக்கி நிறுத்தினார். ஊருக்குத் திரும்பும்போது ஆப்பைத் தட்டிவிட்டு, கழற்றி, லொறியில் ஏற்ற வேண்டுமாம். எங்கள் ஒழுங்கையில் அப்படி நாலைந்து வீடுகள் இருந்தன. சண்டை முடிந்தது, பாதை திறந்தது, இங்கே பிறந்த மகன் வளர்ந்து வெளிநாடும் போய்விட்டான். ஆப்புகள் அப்படியே இருந்தன.

பாஸ் போன பிறகு வீட்டுக்காரரிடம் சீமெந்து பூசுவோம் என்றேன். “பூசினா மறுகா எப்பிடிக் கழட்டுற?” என்று கேட்டுவிட்டுச் சாரத்தை உதறிக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கே வெளிக்கிடப் போகிற ஆள் மாதிரி ஒரு வீட்டில் இத்தனை வருஷம் இருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் யோசிப்பேன். முற்றத்தில் மாங்கன்று வைக்கவில்லை, காய்க்கும்போது நாங்கள் இருக்க மாட்டோமே. வைத்திருந்தால் இந்நேரம் ஒழுங்கைப் பிள்ளைகள் கல்லெறிந்து மாங்காய் விழுத்தியிருக்கும்.

மாதம் ஒரு தடவை அவர் மன்னாருக்குப் போய், எங்கள் காணியில் மண்டிக்கிடக்கும் பற்றையை வெட்டிவிட்டு வருவார். அடுத்த மாதம் அது திரும்ப வளர்ந்து நிற்கும். இந்தத் தடவை அவர் பஸ் ஏறியதும் நான் ஒரு பை சீமெந்து எடுப்பித்தேன். மேசனைக் கூப்பிட்டால் ஊரெல்லாம் கதை வரும். மணலோடு பழைய பேசினில் குழைத்து, சோற்றுக் கரண்டியால் அள்ளி அப்பினேன். ஆப்புகளை உள்ளே வைத்தே பூசினேன். தலை சுற்றினால் குந்தினேன், பிறகு எழும்பிப் பூசினேன். கையெல்லாம் எரிந்தது. கதவு முடிந்தது. ஒரு யன்னல் முடிந்தது. மற்ற யன்னலில் மேல் மூலை மட்டும் மிச்சம். அங்கே இருந்த ஆப்பில் அவர் கத்தியால் சீவிய தடம் அப்படியே தெரிந்தது. கரண்டியைத் தூக்கினேன், இறக்கினேன், திரும்பத் தூக்கினேன். ஊருக்குப் போக எனக்கு ஆசையில்லை என்று யார் சொன்னது? அழுகை வந்துவிட்டது. அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அவர் வந்தார். அறைக்குள் கால் வைத்ததும் குளிரில் நின்றுவிட்டார். சட்டங்களைப் பார்த்தார், வெந்துபோன என் கைகளைப் பார்த்தார். ஏசுவார் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். பாஸ் செய்ததை நான் சொல்லியிருந்தேன். அவர் அதே மாதிரி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சட்டங்களைச் சுற்றிக் கொண்டுபோனார். மேல் மூலையில் புகை அவர் முகத்தில் அடித்தது.

“இதுல காத்து வருது,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

கொஞ்ச நேரம் ஆப்பைத் தொட்டபடி நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: “சீமெந்து மிச்சமிருக்கா?”

குசினிக்குப் பின்னால் அரைப் பைக்கு மேல் இருந்தது. முடிந்துவிட்டது என்று சொன்னேன்.