பூதத்துக்கு ஆறு விரல்

கட்டக்கா என்று சொன்னால்தான் அந்த வார இதழ் அலுவலகத்தில் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கட்டம் போடும் வேலைக்கு வந்தவள். ஸ்கேலும் கறுப்பு மையுமாக உட்கார்ந்தால் பதினைந்துக்குப் பதினைந்து, ஒரு கோடு பிசகாது. பிறகு கணினி வந்தது. அது கண் மூடித் திறப்பதற்குள் நூறு கட்டம் போட்டது. கட்டக்காவை வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. பழைய இதழ்களை அடுக்கி வைக்கச் சொன்னார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அதே கதைதான். தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் "எனக்கு வேண்டாம்" என்றாள். கடைசியில் பேசியவர்கள்தான் களைத்துப் போனார்கள். தனியாக இருந்தது அவளுக்குக் கஷ்டமாக இல்லை என்று சொன்னால் பொய். சாயங்காலம் மாடியேறிக் கதவைத் திறந்ததும், ஒரு பேச்சுக் குரலாவது கேட்கட்டும் என்று ரேடியோவைப் போடுவாள். ஆனால் அதற்காக யாரோ ஒருவருக்குக் கழுத்தை நீட்டுவதற்கு அவள் தயாராக இல்லை.

நாற்பதாவது வயதில் அது நடந்தது. கடைசிப் பக்கத்துக்குப் படக்கதை போடுகிறவர் அப்போதிருந்த ஆசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு நட்ட நடு வாரத்தில் கிளம்பிப் போய்விட்டார். நாலு கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.

"கட்டம் போடத் தெரிஞ்ச கைக்குக் கட்டத்துக்குள்ள போடத் தெரியாதா? ஏதாவது போடும்மா, தலை போற அவசரம்" என்றார் ஆசிரியர்.

அலுவலக லிஃப்ட் அன்று காலைதான் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவளை இருபது நிமிடம் வைத்திருந்தது. அந்தக் கடுப்பில் லிஃப்டுக்குள் ஒரு பேயை வரைந்தாள். எல்லாப் பேயையும் போல அதற்கும் கால் இல்லை. அதன் வேலை பயமுறுத்துவது. ஆனால் ஏறுகிறவன் எவனும் கைபேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை. பல்லை இளித்துக்கொண்டு எதிரில் போய் நின்றால், "மூணாவது மாடி அமுக்குங்க" என்கிறான். அடுத்த வாரம் அதே கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பூதத்தை வைத்தாள். அதன் வேலை ஒரு பித்தளைக் கிண்ணத்தைக் காவல் காப்பது. முந்நூறு வருடமாகக் கண் கொட்டாமல் காக்கிறது. திருடவென்று ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை.

நாலைந்து வாரம் ஓடியது. படிக்கிறவர்கள் லேசாகச் சிரித்தார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். கையகலப் பூதக்கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருப்பார் என்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். மகன் வேறு ஊரில். அவருடைய நாற்காலிக்கு மேலே முதலாளி மாட்டிய ஒரு பலகை: 'பிழை திருத்துபவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது.' ஒரு காலத்தில் உயிரோடு இருக்கும் மனிதர் ஒருவருக்கு இந்த இதழ் இரங்கல் செய்தி போட்டுவிட்டது. அவர் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க முதலாளி முன்னால் வந்து நின்றார். பலகை அன்றைக்கு மாட்டியது.

பலகை இருந்தது, பிழைதான் இல்லை. எல்லோரும் கணினியில் அடித்தார்கள், கணினியே திருத்தியும் கொடுத்தது. சிவப்புப் பேனா காய்ந்துபோனது. சுத்தமான பக்கத்தின் மேல் கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி, ஒன்றும் கிடைக்காமல், கையெழுத்துப் போட்டு அனுப்புவார். யாரோடும் பேச மாட்டார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை, கட்டக்கா கவனமில்லாமல் பூதத்தின் கையில் ஒரு விரலைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர் எழுந்து அவளுடைய மேஜைக்கு வந்தார். அவர் எழுந்து வந்ததே அதிசயம். பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கட்டம்மா, ஆறு விரல்."

"ஐயோ, ஆமா சார். கவனிக்கலை."

"நான் கவனிச்சேன்" என்றார். அந்த முகத்தை அவள் பார்த்தாள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவனுக்குப் பசி எடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவள் வேண்டுமென்றே ஒரு பொத்தானை விட்டுவிட்டாள். கண்டுபிடித்தார். அதற்கடுத்த வாரம் நிழலைத் தப்பான பக்கம் போட்டாள். அதையும் கண்டுபிடித்தார். வாரம் ஒன்று, அதற்கு மேல் கிடையாது. அவளுடைய படக்கதைக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. பேய் லிஃப்டிலேயே மேலே போய், கதவிடுக்கு வழியாக எட்டிக் கையை நீட்டி, கிண்ணத்தைத் திருட ஆரம்பித்தது. கிண்ணம் அதற்கு எதற்கு? பூதத்துக்கு ஒரு திருடன் வேண்டுமே, அதற்காக. பூதம் "பிடி, பிடி" என்று தொப்பை குலுங்கத் துரத்தும், பிடுங்கும். பிறகு பேய் "பே!" என்னும். பூதம் தன் அளவுக்குப் பயந்தால் கட்டடம் இடிந்துவிடும் என்பதால் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "ஐயோ அம்மா" என்று அலறும். பேய்க்குத் தலைகால் புரியாத சந்தோஷம், இல்லாத கால் உட்பட. பன்னிரண்டு வருடம் இதேதான் கதை. ஜனங்களுக்கு அலுக்கவே இல்லை.

கண்ணாடிக்காரரும் சிரிக்க ஆரம்பித்தார். புதன்கிழமை படக்கதையைப் படித்ததும் "ஹா" என்று ஒரே ஒரு சிரிப்பு. கூடம் முழுக்கக் கேட்கும். அது நிஜச் சிரிப்பா, அவளுக்காகச் சிரித்ததா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. மதியம் இருவரும் ஒரே மேஜையில் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். பன்னிரண்டு வருடமும் "சார்", "நீங்க"தான்.

ஊர் வாயை மூட முடியுமா? அலுவலகம் கண்ணைக் காட்டிச் சிரித்தது. தங்கை ஒருநாள் நேரடியாகவே கேட்டாள்.

"அக்கா, அந்த மனுஷர் உனக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பார்க்கிறவர்."

"நானும் சின்னக் குழந்தை இல்லை. ஒண்ணு கல்யாணம் பண்ணிக்கோ, இல்லேன்னா தள்ளி இரு. இதுக்கு என்ன பேரு?"

"பேரு வைக்கணும்னு யாரு அழுதா?" என்றாள் கட்டக்கா.

பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றார். புது ஆசிரியர் வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல சட்டை, நல்ல பேச்சு. மூன்றாவது வாரம் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், பன்னெண்டு வருஷமா அதே பூதம், அதே பேய். அவங்களுக்குள்ள என்ன உறவுன்னு வாசகருக்குத் தெரிய வேண்டாமா? பேயைப் பொண்ணாக்கிடுங்க. ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சு, அட்டையில போடுவோம். கதையும் சுபமா முடியும்."

"முடியுமா? முடிச்சுட்டு?"

"புதுசா வேற ஏதாவது தொடங்குவோம்."

"மாட்டேன் சார்."

"என்ன மாட்டேன்?"

"அவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன். அதுக்குத் திருடத் தெரியும், இதுக்குத் துரத்தத் தெரியும். நல்லாத்தானே இருக்காங்க? உங்களுக்கு என்ன குறைச்சல்?"

அவருக்கு முகம் சுருங்கியது. "நீங்க போடலேன்னா வேற ஆளை வச்சுப் போடுவேன். வியாழக்கிழமை நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்."

அவள் ஆத்திரத்தில் தடதடவென்று படியிறங்கி வந்தாள். நாலு கட்டத்துக்குள் இருக்கிற இரண்டு ஜீவன்களைக்கூட இந்த உலகம் சும்மா விடாதா? வந்து உட்கார்ந்து, எடுத்தாள் பேனாவை. புது ஆசிரியர் ஆசைப்பட்டபடியே பூதத்தையும் பேயையும் கல்யாணப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினாள். லிஃப்டை அப்படியே பெயர்த்துப் பூதம் தோளில் தூக்கி வந்தது. அதிகாரி ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" பூதம் சொல்கிறது: "இது என்னோட திருடன்." பேய் சொல்கிறது: "இது எனக்குப் பயப்படுற பூதம்." அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார்: "அப்படி ஒரு கட்டம் ஃபாரத்துல இல்லையே." கடைசிப் படத்தில் பேய் லிஃப்டுக்குள்ளிருந்து கையை நீட்டி ஃபாரத்தையே திருடிக்கொள்கிறது. "பிடி, பிடி" என்று பூதம் அதே லிஃப்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அதிகாரியின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்துக்கு இரண்டு முள்ளும் ஒரே நீளம்.

"போடுவாங்களோ மாட்டாங்களோ தெரியாது சார். நீங்க பார்த்துக் குடுங்க" என்று புதன்கிழமை கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள். அவர் படித்தார். "ஹா" என்றார். பிறகு கண்ணாடியைப் பிடித்து, "கடிகார முள்ளு" என்றார். அவள் திருத்திக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மூன்றேகால் மணிக்கு வெளியாளிடம் வரைந்து வாங்கிய கல்யாணப் படம் வந்தது. கல்யாண மண்டபத்தில் பூதம் கோட்டுப் போட்டு நின்றது. பேய்க்கு நீளமான இமை, பூப்போட்ட உடை, ஒரு சாண் குதிகால் செருப்பு. புது ஆசிரியரே எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்காரர் மேலிருந்து கீழாகக் கண்ணாடியை நகர்த்தினார். கீழே வந்ததும் நிறுத்தினார்.

"கையெழுத்துப் போட முடியாது சார்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரி. பேய்க்குக் கால் இருக்கு."

"இருந்தா என்ன சார்? உலகத்துல பேயே கிடையாது!"

"உலகத்துல இல்லாம இருக்கலாம். நம்ம இதழ்ல இருக்கு. பன்னெண்டு வருஷமா கால் இல்லாமத்தான் இருக்கு. இது தப்பு."

"சரி, காலை அழிச்சிடச் சொல்றேன்."

"கால் இல்லேன்னா செருப்பு எதுல நிக்குது?"

"செருப்பையும் எடுத்துடறேன்!"

"கால் இல்லாதது லிஃப்டை விட்டு மண்டபத்துக்கு எப்படி வந்துச்சு? யாராவது தூக்கிட்டு வந்தாங்களா? அந்தப் படம் எங்கே?"

அச்சுக்கூடத்திலிருந்து தொலைபேசி அடித்தது: பக்கம் வருகிறதா, மெஷினை நிறுத்தட்டுமா? வரைந்தவரை மூன்று முறை கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. மூன்று ஐம்பதுக்குக் கண்ணாடிக்காரர் இழுப்பறையைத் திறந்து கட்டக்காவின் பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது பிழையில்லாம இருக்கு. கையெழுத்தும் இருக்கு. போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

வேறு வழி? போட்டார்கள். அந்த வாரம் வந்த கடிதங்களைக் கட்ட ஒரு கயிறு போதவில்லை. எங்கள் வீட்டிலும் ஃபாரத்தில் இல்லாத உறவு ஒன்று இருக்கிறது என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். படக்கதையில் கைவைக்கப் புது ஆசிரியருக்கு அதற்கப்புறம் தைரியம் வரவில்லை. ஆனால் ஒருவர்மேல் கைவைக்கத் தைரியம் இருந்தது. பிழை பார்க்க மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்று இப்போது நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட முதலாளியின் மகனிடம் பேசினார். மாதக் கடைசியில் பலகையைக் கழற்றினார்கள். கண்ணாடிக்காரர் கண்ணாடியையும் சிவப்புப் பேனாவையும் நாற்காலி மெத்தையையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வரேன் கட்டம்மா."

"சரி சார்" என்றாள்.

அவளும் போயிருப்பாள். ஆனால் அவள் போன மறுநாளே பேய் குதிகால் செருப்பு மாட்டிக்கொள்ளும் என்று தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் ஒரு தப்பும் இல்லாமல் வரைந்தாள். யாருக்காகத் தப்புச் செய்வது? டிபன் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். எதிர் நாற்காலியில் யாரோ பழைய காகிதக் கட்டை வைத்திருந்தார்கள்.

இதழ் வெளியாகி நாலாம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. சிவப்பு மை. 'ஆசிரியருக்கு: சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் பூதத்தின் மச்சம் இடது கன்னத்தில் உள்ளது. வலது கன்னத்தில் இருக்க வேண்டும். கவனிக்கவும்.'

கட்டக்கா பழைய இதழ்களை இறக்கினாள். அவள்தானே அடுக்கியவள். பன்னிரண்டு வருடத்தையும் புரட்டினாள். மச்சம் எல்லாவற்றிலும் இடது கன்னத்தில்தான் இருந்தது. அதை வாராவாரம் கண்ணாடி வைத்துப் பார்த்தவருக்குத் தெரியாதா? இத்தனை வருடத்தில் சரியாக இருப்பதைத் தப்பு என்று ஒரு தடவைகூடச் சுழித்ததில்லை அந்த மனுஷர். முதல் தடவையாகப் பொய் சொல்லியிருக்கிறார். அவளுடைய தப்புகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பழைய இதழ்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே சிரிப்பும் வந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை புது ஆசிரியர் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய மேஜைக்கு வந்தார்.

"மேடம், பூதத்துக்கு ஆறு விரல் இருக்கு."

"இருக்கட்டும்."

"தப்பாச்சே?"

"தப்புதான் சார். அப்படியே போகட்டும்."

"யாராவது எழுதிக் கேட்டா?"

"கேட்பாங்க" என்றாள் கட்டக்கா. "அதுக்குத்தான் போட்டிருக்கேன்."