ஜன்னல் வழியாகப் போட்ட பை

ஜெனோவா துறைமுகத்தில் எங்கள் சரக்குக் கப்பல் ஒரு காலையில் வந்து நின்றது. மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். வேலை இல்லாதவர்கள் ஊருக்குள் போகலாம், நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு ஷோர் பாஸ் என்று போட்டோ போட்ட ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாளைக் காட்டினால்தான் துறைமுக கேட் திறக்கும். தொலைத்தவனுக்காகக் கப்பல் நிற்காது. பிறகு அவனை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்புவார்கள். அதோடு வேலையும் போய்விடும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா, நான் கப்பலில் இருக்கிற தைரியத்தில்தான் தங்கையை நர்சிங் படிக்க அனுப்பியிருந்தார்.

அந்த ஊரில் பிக்பாக்கெட் அதிகம் என்று கப்பலில் எல்லோரும் எச்சரித்தார்கள். எனக்கு அப்படியொன்றும் பயம் வரவில்லை. எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வளர்ந்தவன் நான். கழுத்துச் சங்கிலியைச் சேலையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்ளுங்கள் என்று போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன். பஸ் ஸ்டாண்டில் திருடனை அடையாளம் காண்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. எல்லோரும் பஸ் வரும் திசையைப் பார்ப்பார்கள். அவன் மட்டும் பைகளைப் பார்ப்பான்.

போதாததற்கு அம்மா வேறு என் பேன்ட்டின் உள்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஜிப் வைத்து ஒரு பை தைத்துத் தந்திருந்தாள். ஷோர் பாஸ் அதில் இருந்தது. யாரும் கை வைக்க முடியாத இடம். ஆனால் கேட்டில் நின்றது ஒரு பெண் காவலர். பாஸைக் காட்டச் சொன்னார். நான் திரும்பி நின்று பெல்ட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

“என்னலே இது, கொல்லைக்குப் போற மாதிரி நிக்க?” என்று பின்னாலிருந்து சிரித்தார் எங்கள் கப்பலின் சமையல்காரர். கடையநல்லூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் என்றால் பாய் என்று கூப்பிட்டிருப்பேன். கடலில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆகிவிட்டதால் அண்ணாச்சி ஆகியிருந்தார்.

பாஸைக் காட்டினேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் அவர் முன்னால் பெல்ட்டில் கை வைக்கக் கூச்சமாக இருந்தது. தாளைத் தோள் பைக்குள் வைத்தேன். அடுத்த சந்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊர் முழுக்கச் சந்துகள். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். அண்ணாந்து பார்த்தால் ஆறாவது மாடி வரைக்கும் துணி காய்கிறது. தங்கைக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கிப் பைக்குள் போட்டேன். ஒரு முனையில் ஒருவன் பெரிய வரைபடத்தை விரித்தபடி வந்து என்னிடம் வழி கேட்டான். வரைபடம் நேராக என் பைக்கு மேலே வந்து நின்றது. நான் ஒரு அடி பின்னால் போய்த் தாளுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அவனுடைய இன்னொரு கை அங்கே இருந்தது.

“வேணாம்யா, போயிரு” என்றேன், தமிழில்தான். அவனுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே போனான்.

“ஏலே, அவன் வழிதான கேட்டான்?”

“நம்மட்டயா அண்ணாச்சி? மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா, நாம இந்த ஊருக்காரன் இல்லன்னு?”

“அதுஞ் சரிதான். பெரிய இன்ஸ்பெக்டருதான்லே நீ.”

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதே மிதப்பில்தான் ஒரு பலகாரக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். விறகு அடுப்பில் வண்டிச் சக்கரம் அகலத் தட்டில் மஞ்சளாக எதையோ சுட்டுத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார்கள். கறி எதுவும் கலந்திருக்குமோ என்று அண்ணாச்சி தயங்கினார். கேட்டுப் பார்த்ததில் கடலை மாவு, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். வாசலில் நீண்ட வரிசை. உள்ளே தெருவோர ஜன்னலை ஒட்டி இரண்டே இரண்டு இடம் காலி. ஜன்னல் திறந்திருந்தது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு இல்லாவிட்டால் பை. பிறகு நிதானமாக ஏறலாம். இடம் நம்முடையது. பையை எடுத்து நகர்த்துகிறவன் சண்டைக்குத் தயாராக இருக்க வேண்டும். என் கை யோசிக்கவே இல்லை. தோள் பையைக் கழற்றி ஜன்னல் வழியாக அந்த இருக்கையில் போட்டது.

“அண்ணாச்சி, எடம் புடிச்சாச்சு.”

“அப்படிப் போடு!” என்றார். அவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. இரண்டு பேரும் நிம்மதியாகப் போய் வரிசையில் நின்றோம்.

பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது அந்த இரண்டு இடத்திலும் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். நான் இடம் போட்டிருக்கிறேன், இவர்கள் எப்படி உட்காரலாம்? அந்தக் கோபம் அடங்கிய பிறகுதான் பையைத் தேடினேன். இருக்கைக்கு அடியிலும் இல்லை. இவர்கள் வந்தபோதே இடம் காலியாகத்தான் இருந்ததாம். மணி மூன்று.

“பாஸு எங்கலே?” என்றார் அண்ணாச்சி.

“பையிலதான்.”

“அல்லாவே. உள்ளுக்குள்ள தச்சு வச்சிருந்தியேலே!”

அவர் போலீஸிடம் போகலாம் என்றார். போனால் அங்கேயே நாலு மணி ஆகிவிடும். ஊரில் பர்ஸ் பறிகொடுத்தவர்கள் முதலில் கட்டணக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். திருடன் காசை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேதான் வீசுவான். கையில் வைத்திருந்தால் அவனுக்குத்தான் ஆபத்து. இவனும் அப்படித்தானே செய்வான்? அகலத் தெருவை விட்டுவிட்டு, கடைக்குப் பக்கத்தில் இருந்ததிலேயே இருட்டான சந்தில் நுழைந்தேன்.

குப்பைத் தொட்டி ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தேன்.

“ஏலே, குப்பையக் கிளறுதவன பாத்தா என்ன நெனப்பாவ?”

“என்னமும் நெனச்சுட்டுப் போட்டும். அந்தப் பக்கம் பாருங்க அண்ணாச்சி.”

முதல் சந்தில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது சந்தில் மாடிப்படிக்கு அடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் காய்கறிக் கழிவுக்கு மேல் என் பை குப்புறக் கிடந்தது. சென்ட் பாட்டில் இல்லை, பவர் பேங்க் இல்லை. தண்ணீர் பாட்டிலும் சீப்பும் இருந்தன. பிளாஸ்டிக் உறைக்குள் ஷோர் பாஸும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவனுக்கு அது வெறும் தாள்.

அண்ணாச்சி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரமும் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தார். பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டு, “வெங்காயம் போடாத பஜ்ஜிலே” என்றார். எனக்கும் ஒன்று கொடுத்தார். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

கேட்டுக்கு இன்னும் இருபது நிமிட நடை. நான் சுவரைப் பார்த்து நின்று பெல்ட்டைக் கழற்றி, பாஸை அம்மா தைத்த பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

“இந்தா கேட்டு வரப்போகுது, கையில வச்சுக்கயேம்லே.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது போய்ச் சேர்ந்தோம். காலையில் நின்ற அதே பெண்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, தானாகவே கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அவசரப்படாமல் பெல்ட்டைக் கழற்றினேன்.