இறுதிப்போட்டிக்கு முதல் நாள்

எங்கள் வலைப்பந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதுவதற்காக, களுவாஞ்சிக்குடியில் இருந்த அந்தப் பழைய பயிற்றுநரின் வீட்டுக்குப் போனேன். நெடுத்த, வெயிலில் கறுத்த பெண். நான் வாய் திறக்கும் முன்பே என் கையைப் பிடித்து விரல்நுனிகளைப் பார்த்தார்.

"நகம் நீளமா இருக்கு, புள்ள. மத்தவங்களக் கீறிப்போடும். நடுவர் இறங்க விடமாட்டார்."

"நான் விளையாட வரல்ல, ரீச்சர்," என்று சிரித்தேன்.

வென்ற கிண்ணங்களைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாள் ஏழு பேருக்கும் அவரே நகம் வெட்டிவிடுவாராம். அவர் பயிற்றுவித்த கடைசி அணி இறுதிப்போட்டியில் வென்றதா என்று கேட்டேன்.

"அது நடக்கல்ல. சனிக்கிழம நகம் வெட்டி அனுப்பினன். ஞாயித்துக்கிழம காலையில கடல் வந்திட்டு. மறுகா ஆஸ்பத்திரியில முகம் ஒண்டும் தெரியல்ல. மூணு புள்ளைகள நான் விரலப் பாத்துத்தான் தாய்மாருக்குக் காட்டினன்."

குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

நான் எழுந்தபோது நகவெட்டியுடன் வந்து மீண்டும் என் கையைப் பிடித்தார். இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பத்தாவது விரலும் முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு நேரத்தோட வா."