மார்கழியில் பொங்கிய பொங்கல்

பண்டிகை நாள் டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நான் திட்டித் தீர்த்ததைப் படித்துவிட்டு, 'இந்த ஆளுக்கு எதுதான் பிடிக்கும்?' என்று இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நிற்பது இந்த ஆள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவன் இந்த மாட்டுப் பொங்கலுக்கு என்ன செய்தேன் தெரியுமா? கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் என் அக்காவின் தோட்டத்து வீட்டில், காலையிலேயே டிவிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். விளம்பரத்தைக்கூட விடவில்லை.

மச்சான் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர். மார்கழிக் கடைசியில் தென்னைக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போனவர், கிணற்று மேட்டிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகக்கூட அவகாசம் கொடுக்கவில்லை.

செத்துப் போனவர் டிவியில் எப்படி வருவார்? சொல்கிறேன்.

மார்கழி பிறந்த புதிதில் டிவிக்காரர்கள் அக்காவின் தோட்டத்தில் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மாட்டுத் தொழுவத்தில் வைக்கும் கொங்கு நாட்டுப் பட்டிப் பொங்கலைப் படம் பிடிக்க வேண்டுமாம். அதற்குத் தை மாதம் அல்லவா வர வேண்டும் என்கிறீர்களா? தையில் பிடித்தால் தைக்கு எப்படி ஒளிபரப்புவது? ஆகவே மார்கழியிலேயே வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் காப்புக் கட்டினார்கள். மாட்டுக் கொம்புகளுக்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள். பட்டுப் புடவையில் ஒரு நடிகை வந்தார். பானை பொங்குகிற நேரம் பார்த்து கேமரா மக்கர் செய்ய, இன்னொரு தரம் பொங்க வைத்தார்கள்.

மார்கழியில் இதெல்லாம் செய்யலாமா என்று மச்சான் தயங்கியிருக்கிறார். அக்காதான் பிடித்தபிடியாக நின்றிருக்கிறாள். நம் பட்டி டிவியில் வரும், நம் மாடு வரும், ஊரே பார்க்கும் என்று அவளுக்கு ஆசை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டு அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது.

அப்புறம் அவர் போய்ச் சேர்ந்தார். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். அக்காவின் நங்கையா, அதாவது மச்சானுக்கு மூத்தவர், இழவு வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"மார்கழியில பட்டிப் பொங்கல் வெச்ச ஊடு வெளங்குமா? இவ ஆசைக்கு எந் தம்பிய வாரிக் குடுத்துப்போட்டா."

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. மச்சான் விடிந்ததிலிருந்து ஊதித் தள்ளிய பீடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீடியைவிட மார்கழிதான் பேசுவதற்கு வசதி... இல்லையா?

அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அன்னைக்கு அவரு நெம்பச் சிரிச்சாரு கண்ணு. முழு மனசோடதான் செஞ்சாரு. டிவியில அது வரட்டும். நங்கையா ஒருக்கா பார்த்தாப் போதும்."

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டு போகிற பொங்கல் சீரும் கிடையாது. வெறுங்கையோடுதான் போயிருந்தேன். வாசலில் கோலம் இல்லை. பட்டியில் மாடுகளின் கொம்பில் மட்டும் மார்கழியில் அடித்த நீலப் பெயின்ட் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

டிவியை அவர் போன நாளிலிருந்து வேட்டி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அக்கா தானே அதை எடுத்தாள். துக்க வீட்டில் டிவியா என்று முணுமுணுத்தவர்கள் எல்லோரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நங்கையாவும் வந்தார்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. கரும்பைத் துடைப்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் 'ஹாய்' என்றது. ஒரு நடிகர் தான் விவசாயி மகன் என்று கண் கலங்கினார். தலைப்பாகையில் துணிக்கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. ஒரு ஜோடி தலைப் பொங்கல் கொண்டாடியது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள்.

மற்ற சமயமாக இருந்தால் என் வாய் சும்மா இருக்குமா? அன்றும் மனசுக்குள் ஒன்று பாக்கியில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முதல் தடவையாக அது எனக்கே எரிச்சலாக இருந்தது. ரசிக்க முடியாதா, ஒரே ஒரு நாள்? டிவியில் சிரிக்கிறவர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளவும் ஒரு கொடுப்பினை வேண்டும் — வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்க வேண்டும்.

அதைவிட மோசம், நடக்கப்போவது எனக்குத் தெரிந்திருந்தது. நாள் முழுக்கப் பிடிப்பார்கள், துளியூண்டு காட்டுவார்கள். நடிகை இருக்கும்போது தோட்டக்காரரின் சிரிப்பை யார் காட்டப்போகிறார்கள்? இதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு தடவை என் புத்தி பொய்த்துப் போகட்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்.

வந்தது. எங்கள் பட்டிதான். நடிகை நடந்து வந்தார். பானை பொங்கியது, அந்த இரண்டாம் தரம் பொங்கியதுதான். குரவைச் சத்தத்தை ஸ்டூடியோவில் சேர்த்திருந்தார்கள். நடிகை வாழையிலையில் பொங்கலை எடுத்துச் செவலை மாட்டுக்கு ஊட்டினார். மாட்டின் கழுத்திலிருந்து ஒரு கயிறு திரையின் ஓரம் வரைக்கும் போனது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

அக்காதான் பேசினாள், நங்கையாவைப் பார்த்து.

"அந்தக் கவுத்தப் புடிச்சுட்டு நிக்கறது அவருதானுங்க நங்கையா. செவலை மிரளாம நிக்குது பாருங்க... வேற ஆளு புடிச்சா நிக்காதுங்க."

நங்கையா சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"கவுத்துல மொகந் தெரியுமா அம்மணி?"

எழுந்து போய்விட்டார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இனி அந்த ஊரில் அக்காவின் பெயர் என்னவாக இருக்கும் என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. எதைப் பார்த்து அழுவது? டிவியில் ஒருவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, இந்த டிவிக்காரங்க வெட்டிப்போட்டதையெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"பத்திரமா வெச்சிருப்பாங்கக்கா" என்றேன். கேட்டு வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அவள் முகம் லேசாகத் தெளிந்தது.

நான் ஒரு பட்டிமன்றப் பதிவுக்குப் போய் வந்தவன். டேப் விலை அதிகம் என்பதால், வேண்டாததை அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே, சித்திரை ஒன்றாம் தேதி சிறப்பு நிகழ்ச்சி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை...

கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள். அடியில் எங்கள் மச்சான் இருக்கிறார்.