நீலம் பிடித்த கால்மிதி

அப்பா என் வாழ்நாளில் என்னை அறைந்தது இரண்டே முறை. இரண்டும் ஒரே நாளில், ஒரே கன்னத்தில், துரையின் கண் முன்னால், நான் செய்யாத குற்றத்துக்கு. எழுபதைத் தாண்டிவிட்டேன். இன்னும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் காரைக் கழுவித் துடைக்கும் வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, மலையில் மருந்தடிக்கும் ஆட்களில் ஒருவர். தேயிலையில் கொப்புள நோய் பரவியிருந்த காலம் அது. நீல மருந்தைப் பித்தளைப் பம்பில் கரைத்து முதுகில் சுமந்துகொண்டு செடி செடியாக அடிப்பார்கள். சித்தப்பாவின் சட்டை, நகக்கண், காது மடல் எல்லாம் நீலம். சாயங்காலம் அவர் வந்ததும், "வாங்க கிருஷ்ண பரமாத்மா" என்று அம்மா கேலி செய்வாள்.

நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் நடக்கும் ஏப்ரல் மாதம். துரையும் துரைசாணியும் மறுநாள் போவதாக இருந்தார்கள். துரை நாயோடு மலையெல்லாம் சுற்றிவிட்டுக் காரில் ஏறியதில், காலடியில் விரித்திருந்த கம்பள விரிப்பு நான்கும் பாழ். செம்மண் சேறு, நாய் மயிர், அட்டை கடித்து வழிந்த இரத்தம். அத்தனையும் வெண்ணெய் நிறக் கம்பளத்தில். சேற்று மலையில் குடியிருக்கிற ஒருவர் வெண்ணெய் நிறத்தில் கால்மிதி வாங்குகிறார் என்றால், அதைக் கழுவுகிறவன் வேறு ஆள் என்று அர்த்தம்.

"டேய், கை போட்டு தேய்க்காதே. பம்பு போட்டு அடி. நல்லா அடி" என்று துரை அப்பாவிடம் தம்முடைய தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது, தீப்பிடித்தால் அணைக்கவென்று ஃபெக்டரிக்குப் புதிதாக வந்திருந்த என்ஜின் பம்பை. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பம்பு என்றால் ஒன்றே ஒன்றுதான், அடிப்பது என்றால் மருந்தடிப்பதுதான். அப்பாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சித்தப்பாவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. சித்தப்பா யாரிடமும் கேட்காமல் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று தண்ணீர் ஊற்றி அலசினார்.

அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோன என்னையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்பது வயது. பம்பைக் கல்லின் மேல் வைத்து நான் பிடியை ஆட்ட, அப்பா குழலைப் பிடித்தார். ஊசி போலத் தண்ணீர் பீய்ச்சியது. கம்பளத்தின் மயிர்க்காலுக்குள் ஒளிந்திருந்த சேறு கரைந்து சிவப்பாக ஓடியது. அது ஓட ஓட எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மெதுவா ஆட்டு புள்ள, கை கழண்டுரப் போகுது" என்று சித்தப்பா சிரித்தார். நான்கையும் வேலியில் விரித்துப் போட்டோம். புதுசு மாதிரி இருந்தன.

வெயில் ஏறியது. கம்பளம் காயக் காயத்தான் நீலம் தெரிந்தது. பம்பை அலசிய சித்தப்பா குழலை அலச மறந்துவிட்டார். அதற்குள் படிந்து கிடந்த மருந்து முழுவதும் வெண்ணெய் நிறத்தில் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. அப்பா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தார். சித்தப்பாவின் சட்டையில் போகாத நீலம் துரையின் கம்பளத்தில் மட்டும் போய்விடுமா?

அப்பாவின் முகம் வெளுத்தது ஏன் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். துரைக்குக் கோபம் வந்தால் பத்துச்சீட்டு. அதைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் போய்விடும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். பானை சட்டியோடு ரோட்டில் நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

துரை வந்தார். வேலியைப் பார்த்தார். கழுத்து வரை சிவந்துவிட்டது.

"யார் செஞ்சது? எவன் பம்பு எடுத்து வந்தது?"

சித்தப்பா, "தொர, நான்..." என்று வாயைத் திறந்தார். அவர் முடிப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"நம்ம புள்ளதாங்க தொர. வெளையாட்டுப் புத்தி. கெடந்த பம்ப எடுத்து அடிச்சிருச்சுங்க."

சொல்லிக்கொண்டே அறைந்தார். காதுக்குள் ஙொய் என்றது. அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது.

"நான் இல்ல தொர, அப்..."

இரண்டாவது அறை வாயோடு சேர்த்து விழுந்தது. உதடு கிழிந்து இரத்தம் உப்புக் கரித்தது.

துரையின் கோபம் எங்கே போனதோ, "போதும், போதும். சின்னப் பிள்ளை" என்றார். என்னை இரக்கத்தோடு வேறு பார்த்தார். "இது தூக்கி வீசு" என்று கம்பளத்தைக் காட்டிவிட்டுப் போனார். அந்த இரக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அது என் கன்னத்தில் விரல் விரலாகப் பதிந்திருந்தது. தம் தோலைக் காப்பாற்றிக்கொள்ளப் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்த கோழை என்று அப்பாவை மனசுக்குள் ஆயிரம் தடவை திட்டினேன். சாயங்காலம் சித்தப்பா எனக்காகக் கடையில் இனிப்புப் பனிஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அதை முற்றத்தில் எறிந்தேன். அறை வாங்கியவள் நான். அழுதவர் அவர். அது ஏன் என்றும் எனக்கு விளங்கவில்லை.

வீசச் சொன்ன கம்பளத்தில் ஒன்றை அம்மா எடுத்து வந்து எங்கள் காம்பிரா வாசலில் போட்டாள். போகும்போதும் வரும்போதும் அதை நங்குநங்கென்று மிதித்தேன். மூன்று மாதம் அப்பாவை அப்பா என்று கூப்பிடவில்லை. "அவங்களச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்பேன். பிறகு பேசினேன். ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

சில வருடங்கள் கழித்துக் கொழுந்தெடுக்கும் ஆளாக என் பேரைப் பதிந்தார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை என் பேரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இனிமே நீ பேரு பதிஞ்ச ஆளு. பாத்து நடந்துக்க. தப்புத் தண்டா செஞ்சா பேர வெட்டிப் பத்துச்சீட்டக் குடுத்துருவாங்க."

"இதுக்கு முன்னாடி செஞ்சிருந்தா?" என்று எடக்காகத்தான் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்ப ஒனக்கு ஏது பேரு? இல்லாத பேர எப்புடி வெட்டுறது?"

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அப்பாவுக்குப் பேர் இருந்தது, சித்தப்பாவுக்குப் பேர் இருந்தது, கொழுந்தெடுத்த அம்மாவுக்கும் இருந்தது. அன்றைக்கு அந்த வேலியோரம் துரையால் வெட்ட முடியாத ஆள் நான் ஒருத்திதான். இதை ஒரு வார்த்தை அப்பா சொல்லியிருக்கலாம். பிள்ளை வாய், பங்களா வரை போய்விடும் என்று பயந்திருப்பார். ஒன்பது வயதில் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்குமா என்பது வேறு விஷயம்.

கோபம் அன்றைக்கும் போகவில்லை. பங்களா இருக்கும் பக்கமாகத் திரும்பியது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பேர் பதிஞ்சாச்சா?" என்றார்.

"பதிஞ்சாச்சுப்பா" என்றேன். பக்கத்தில், அந்த நீலக் கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்தேன்.